ஒரு மணி நேரத்துக்கு முன் எப்படி இருந்தார்? ஐசியூவுக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாறி வந்த முதல் வாரம். என்னைப் பழக்கிய மூத்த தாதி படுக்கையருகே வந்து நின்றார். மானிட்டரில் இருந்த எண்களை வரிசையாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எப்படி இருந்தார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு, 96. ஆனால் 18ஆக இருந்த மூச்சு எண்ணிக்கை 28க்கு ஏறியிருந்தது. எண்ணைப் பார்த்த நான் அது ஏறிவந்த வழியைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே அவருக்குச் சுவாசக் குழாய் போட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விடவில்லை. புதிதாக வருபவர்களிடமும் அதையே கேட்கிறேன். மருத்துவர்கள் சுற்றில் வருவார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ஷிப்ட் முழுக்கப் படுக்கையருகே நிற்பவர் நீங்கள்தான். மாற்றம் முதலில் உங்கள் கண்ணில் பட வேண்டும். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து, கையால் பையை அழுத்தியே காற்று கொடுத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டிய வழி அது. இன்றைய ஐசியூ அங்கிருந்துதான் வளர்ந்தது. இப்போதிருக்கும் வென்டிலேட்டர்கள் வருவதற்கு முன்பே, ஒருவர் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கும் ஏற்பாடு வந்துவிட்டது.

ஒரு ஷிப்டின் போக்கிலேயே இதை எழுதுகிறேன். நான் சொல்லும் எண்கள் பெரியவர்களுக்குப் பொதுவானவை. உங்கள் பிரிவின் நெறிமுறை வேறாகச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

வருவதற்கு முன்

பதிவு விவகாரம் சுருக்கமானது. சிங்கப்பூர் நர்ஸிங் போர்டில் பதிவும் காலாவதியாகாத தொழில் சான்றிதழும் இல்லாமல் இங்கே யாரும் தாதியாக வேலை செய்ய முடியாது. தமிழ்நாட்டில் படித்துவிட்டு வருபவர்களும் அதை முடித்த பிறகுதான் படுக்கையருகே வரலாம். தீவிர சிகிச்சைக்கான மேற்படிப்புகளுக்குப் பிறகு நேரம் இருக்கிறது. முதல் ஆறு மாதம் கைப்பழக்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய தயாரிப்பு இரண்டு. மருந்துக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். ஈசிஜியில் சீரான துடிப்பு, கோளாறான துடிப்புகளான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா, வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் ஆகிய நான்கையும் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுங்கள். மற்றவற்றை வேலை சொல்லிக்கொடுக்கும்.

ரிப்போர்ட் வாங்கும்போது

இங்கே 'ரிப்போர்ட் பாஸ் பண்ணுவது' என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் 'ஓவர் எடுப்பது' என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அதைப் படுக்கையருகில் நின்று வாங்குங்கள், கணினி முன்னால் உட்கார்ந்து வாங்காதீர்கள். யார் இவர், இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, சொல்பவரின் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் கேளுங்கள். ஐஎஸ்பார் என்று ஆங்கில எழுத்துகளில் சொல்லித்தரும் முறை இதுதான். கடைசியில் நீங்களாக ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: "உங்க ஷிப்டில் எதைப் பார்த்துப் பயந்தீங்க?" எழுதிவைக்காத பல விஷயங்கள் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

அடுத்தது அடையாளம். கைப்பட்டையைத் தொட்டுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபாருங்கள். நம்மவர்களிடம் இதில் கூடுதல் கவனம் தேவை. ஒரே வார்டில் இரண்டு முருகன், இரண்டு லட்சுமி இருப்பது அதிசயமில்லை. தந்தை பெயரும் சேர்ந்து வருவதால், சிலர் அதையே நோயாளியின் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பாதி நினைவில் இருப்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பை நம்பி ரத்தம் ஏற்றக் கூடாது.

முதல் பத்து நிமிடம்

முந்தைய ஷிப்ட் தாதி கிளம்புவதற்குள் இவற்றைச் செய்துவிட வேண்டும். கிளம்பிய பிறகு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது.

ஒவ்வொரு குழாயையும் பையிலிருந்து உடல்வரை விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். இந்தப் பையில் என்ன மருந்து, எந்தப் பம்பு, என்ன வேகம், எந்த வழியாக உள்ளே போகிறது, லேபிள் இருக்கிறதா, மருந்துச்சீட்டில் உள்ளதும் பம்பில் உள்ளதும் ஒன்றுதானா? கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தால் போர்வைக்கு அடியில் எங்கோ ஓரிடத்தில் குழாய் மாறிவிடும். விரல் ஏமாறாது.

பிறகு தலைமாட்டைப் பாருங்கள். முகமூடியோடு ஆம்பு பை (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) இருக்கிறதா? சளி உறிஞ்சும் சக்ஷனை அழுத்திப் பாருங்கள், இழுக்கிறதா? ஆக்சிஜன் பொருத்தியிருக்கிறதா? கழுத்தில் டிரக்கியாஸ்டமி, அதாவது மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய், போட்டவர் என்றால் மாற்றுக் குழாய், அதே அளவிலும் ஓர் அளவு சிறியதிலும், படுக்கையருகிலேயே இருக்க வேண்டும். எதையும் "ஸ்டோரில் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு நின்றால் ஸ்டோர் வெகு தூரம்.

மானிட்டரின் அலாரம் எல்லைகளை இந்த நோயாளிக்கு ஏற்ப அமையுங்கள். எல்லாருக்கும் ஒரே எல்லை வைத்தால் அது சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். சும்மா கத்தும் அலாரத்தைக் காது பழகிக்கொள்ளும், பிறகு உண்மையாகக் கத்தும்போதும் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

கடைசியாக, இவற்றை ஒரு தாளில் குறியுங்கள்: இப்போதைய மூச்சு, நாடி, அழுத்தம், சாச்சுரேஷன், நினைவு நிலை, கடந்த மணிநேரச் சிறுநீர். ஷிப்ட் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் சொந்த ஆரம்பப் புள்ளி இது.

மூச்சு

உடல் தடுமாறத் தொடங்கும்போது பல நோயாளிகளிடம் முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கைதான். நாம் ஏனோதானோவென்று எழுதுவதும் அதைத்தான். வென்டிலேட்டரில் இல்லாதவர்களுக்கு மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணிக்கை, பெரும்பாலும் நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி பட்டைகளுக்கு இடையே மாறும் மின்தடையிலிருந்து கணிக்கப்படுவது. இருமினாலும் புரண்டாலும் தப்பாகும். நெஞ்சின்மேல் கை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணும்போதே மற்றதும் தெரியும்: கழுத்துத் தசை இழுக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா.

சாச்சுரேஷன் பற்றி நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. விரலில் மாட்டும் கருவி, கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆய்வுகளில் தெளிவாகக் கண்டறியப்பட்ட விஷயம் இது. நிறம் கறுத்த பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, திரை 94 என்று சொன்னால், திரையை நம்பி நகர்ந்துவிடாதீர்கள். உதடு, நாக்கு, வாயின் உட்புறம் ஆகியவற்றின் நிறத்தைப் பாருங்கள், மருத்துவரிடம் ரத்தவாயுப் பரிசோதனை கேளுங்கள். நகப்பூச்சோ அடர்த்தியான மருதாணியோ இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள்.

வென்டிலேட்டர் கத்தினால்

புதியவர்கள் எல்லாரும் பயப்படும் இடம் இதுதான். பயம் குறைய ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் நோயாளியைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, சாச்சுரேஷன் விழுகிறதா? இரண்டாவதாகத்தான் திரையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

அழுத்தம் அதிகம் என்று அலாரம் அடித்தால் காற்று உள்ளே போகத் திணறுகிறது என்று பொருள். குழாயைக் கடிக்கிறாரா, எங்காவது மடிந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, இருமுகிறாரா, மூச்சுக்குழல் சுருங்கிவிட்டதா? ஒரு பக்க நெஞ்சு மட்டும் ஏறாமல் ரத்த அழுத்தமும் விழுந்தால், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். அப்போது தாமதமில்லாமல் ஆள் கூப்பிடுங்கள். அழுத்தம் குறைவு என்று அடித்தால் காற்று எங்கோ வெளியே போகிறது. இணைப்பு கழன்றதா, குழாயைச் சுற்றிக் காற்றடைத்த கஃப் இறங்கிவிட்டதா, குழாயே வெளியே வந்துவிட்டதா? இதற்காகத்தான் ஷிப்ட் தொடக்கத்திலேயே பல் அருகே குழாய் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதிவைக்கச் சொல்கிறோம். 22இல் இருந்தது இப்போது 19 என்றால், வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

காரணம் பிடிபடவில்லை, சாச்சுரேஷன் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால், உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, ஆம்பு பையை 100 விழுக்காடு ஆக்சிஜனோடு இணைத்துக் கையால் காற்று கொடுங்கள். பை எளிதாக அமுங்கி நெஞ்சும் ஏறினால் கோளாறு இயந்திரத்தில். பை கல்லாக இருந்தால் குழாயிலோ நுரையீரலிலோ. அவசரத்தில் உங்கள் கை சொல்லும் இந்தச் செய்தியை எந்தத் திரையும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

சளி உறிஞ்சுவதை மணிக்கணக்கு வைத்துச் செய்ய வேண்டாம். தேவை தெரிந்தால் செய்யுங்கள்: கரகரவென்ற சத்தம், குழாயில் தெரியும் சளி, ஏறும் அழுத்தம். முன்னும் பின்னும் முழு ஆக்சிஜன், ஒவ்வொரு முறையும் 15 விநாடிக்குள், உள்ளே போகும்போது உறிஞ்சாமல் வெளியே வரும்போது மட்டும். அதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். மயக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். தலைமாடு 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும். கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவு. அதற்குக் கீழே போனால் வாய் நீர் நுரையீரலுக்குள் கசியும், மேலே போனால் மூச்சுக்குழலின் சுவர் புண்ணாகும்.

ரத்த அழுத்தம்: இரண்டு பொறிகள்

மேல் எண்ணைப் பார்த்து நிம்மதியடைவது முதல் பொறி. உறுப்புகளுக்கு ரத்தம் போகிறதா என்பதற்குச் சராசரி அழுத்தத்தைப் பார்க்கிறோம். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணோடு கூட்டி, மூன்றால் வகுத்தால் அது வரும். 90க்கு 60 என்றால் சராசரி 70. 110க்கு 40 என்றால் 63தான். பார்வைக்கு இரண்டாமவர் தேவலை என்று தோன்றும். ஆனால் கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையில் பொதுவாக நாம் காக்க முயலும் எல்லை 65. அவர் அதற்குக் கீழே இருக்கிறார்.

இரண்டாவது பொறியில் நானே விழுந்திருக்கிறேன். தமனிக்குள் போட்ட லைன், டிரான்ஸ்டியூசர் என்ற சிறு கருவி வழியாக அழுத்தத்தைக் காட்டுகிறது. அது இதயத்தின் மட்டத்தில், அதாவது நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். அன்றைக்கு நோயாளியைச் சுத்தம் செய்வதற்காகப் படுக்கையை உயர்த்தினோம், டிரான்ஸ்டியூசர் கம்பத்தில் பழைய இடத்திலேயே நின்றது. இதயத்துக்குக் கீழே போய்விட்டதால் அழுத்தம் உண்மையைவிட ஏறித் தெரிந்தது. "நன்றாகத் தேறிவிட்டார்" என்று ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நோராட்ரினலினைக் குறைக்கக் கை நீட்டினேன். பக்கத்தில் நின்றவர், "டிரான்ஸ்டியூசர் எங்கே இருக்கு, பார்" என்றார். 10 சென்டிமீட்டர் தப்பினால் ஏறக்குறைய 7 அல்லது 8 மி.மீ. பாதரசம் தப்பும். படுக்கை அசைந்தால் மட்டம் பாருங்கள். ஷிப்ட் தொடக்கத்தில் கருவியை வெளிக்காற்றுக்குத் திறந்து பூச்சியம் செய்யுங்கள். லைன் அடைக்காமல் திரவத்தைத் தள்ளும் பிரஷர் பை 300 மி.மீ. பாதரசத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நோராட்ரினலின் ஓடும் லைனில் வேறு எந்த மருந்தையும் தள்ளாதீர்கள், அதைத் திரவம் தள்ளி ஃபிளஷும் செய்யாதீர்கள். குழாயில் நிற்கும் மருந்து ஒரேயடியாக உள்ளே போய் அழுத்தம் எகிறும். ஊசிக்குழல் தீர்ந்துபோகும் வரை காத்திருக்கவும் கூடாது. அதன் வேலை சில நிமிடங்களில் அடங்கிவிடும், இடைவெளி விட்டால் அழுத்தம் சரிந்துவிடும். தீர்வதற்கு நன்றாக முன்பே அடுத்ததைத் தயாராக வைத்து, இன்னொரு தாதியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மாற்றுங்கள்.

ஒரு கணக்கு, காகிதத்தில்

பம்பு தானாகக் கணக்குப் போடும். ஆனாலும் கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் பம்பில் தப்பான எண் விழுந்தால் உறுத்தும். 50 மி.லி.யில் 4 மி.கி. நோராட்ரினலின் கலந்திருக்கிறது. அதாவது 1 மி.லி.யில் 80 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ. நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்கிறார்கள். 60ஐ 0.1ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 360ஐ 80ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. பம்பில் 45 என்று இருந்தால் ஒரு புள்ளி விழுங்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு புள்ளி பத்து மடங்கு மருந்து.

ஆபத்தான மருந்துகளுக்கு இருவர் தனித்தனியாகக் கணக்கிட்டு, பிறகு விடையை ஒப்பிட வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் "ஆமாம்" என்பது சரிபார்ப்பு ஆகாது. நம்மைவிட மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது "ஆமாம்" என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மரியாதையாகவே, "ஒரு நிமிஷம் சிஸ்டர், நானும் போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். பொட்டாசியம் பற்றி ஒன்றே ஒன்று: அதை ஒருபோதும் நேரடியாக ஊசியில் தள்ளக் கூடாது. இதயம் நின்றுவிடும்.

சிறுநீர், சர்க்கரை

மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. சிறுநீர் பொதுவான எல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மி.லி. தொடர்ந்து இரண்டு மணி நேரம் குறைந்தால் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன் சிறுநீர் வடியும் கதீட்டர் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தச் சர்க்கரை பெரும்பாலானவர்களுக்கு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கு மிகாமல் இருந்தால் போதும். 4க்குக் கீழே இறங்குவதுதான் உடனடி ஆபத்து. இன்சுலின் ஓடும்போது உணவூட்டும் குழாய் வழியாகப் போகும் பாலை நிறுத்தினால், இன்சுலினை என்ன செய்வது என்று அந்த நிமிடமே கேளுங்கள். இதை மறந்து நடந்த விபத்துகள் ஏராளம்.

நினைவு, வலி, குழப்பம்: இங்கே தமிழ் உங்கள் கருவி

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் முழு மதிப்பெண் கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 15. மொத்தத்தை மட்டும் எழுதினால் மாற்றம் ஒளிந்துகொள்ளும். மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். வலது பக்கம் வேறு, இடது பக்கம் வேறு என்றால் அதையும் எழுதுங்கள். கண்மணி இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இனி, புத்தகங்கள் நம்மவர்களுக்கென்று எழுதாத விஷயம். குழம்பிய நிலையில் பல முதியவர்களுக்குப் பிறகு கற்ற மொழி முதலில் நழுவிவிடும், தாய்மொழி நிற்கும். ஐம்பது வருடம் இந்த ஊரில் ஆங்கிலமும் மலாயும் பேசி வேலை பார்த்த ஒருவர், "ஓபன் யுவர் ஐஸ், அங்கிள்" என்று கேட்டால் அசையாமல் கிடப்பார். "அப்பா, கண்ணைத் திறங்க" என்றால் திறப்பார். கட்டளைக்குப் பணிகிறாரா இல்லையா என்ற மதிப்பெண் இதனால் மாறுகிறது. சீன, மலாய், ஃபிலிப்பினோ சக தாதியரின் தமிழ் நோயாளிகளுக்கும் போய் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். கண்ணைத் திறங்க, கையைப் பிடிங்க, வலிக்குதா, மூச்சு முட்டுதா என்ற நான்கையும் அவர்களுக்கு எழுதிக்கொடுங்கள். அதேபோல ஹொக்கியன், கண்டனிஸ் நோயாளிகளுக்கு நாலு வார்த்தையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குழப்ப நிலையைக் கண்டறியும் சோதனை ஒன்றில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லி, குறிப்பிட்ட எழுத்து வரும்போது கையை அழுத்தச் சொல்வார்கள். ஆங்கிலம் படிக்காத பாட்டி அதில் தோற்றால் அது குழப்பம் ஆகாது. அதைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம்.

பேசக்கூடிய நோயாளிகளின் சொற்களையும் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். "கேஸ்தான்மா, வாயு பிடிச்சுக்கிச்சு" என்று நெஞ்சைத் தடவுபவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். மருத்துவரிடம் "வயிற்றுக் கோளாறு என்கிறார்" என்று சொல்லி அனுப்பிவிடாமல் ஈசிஜி எடுங்கள். 'நெஞ்சு கரிக்குது' வேறு, 'நெஞ்சை அடைக்குது' வேறு. 'மயக்கமா வருது' என்பதில் தலைசுற்றலும் இருக்கலாம், நினைவு தப்புவதும் இருக்கலாம், வெறும் சோர்வும் இருக்கலாம். என்ன நடந்தது என்று கேட்டு, அதை எழுதுங்கள். "ஒண்ணுமில்லை, பரவாயில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். தாதிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வலியை விழுங்கும் தலைமுறை அது. முகம் சுளிப்பது, உடல் விறைப்பது, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் பேச முடியாதவர் வலியைச் சொல்லும் வழிகள். மயக்க மருந்தைக் கூட்டுவதற்கு முன் வலி மருந்து போதுமா என்று கேளுங்கள்.

பகலில் திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள், இரவில் விளக்கைத் தணியுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, படுக்கைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

கை, வாய், தோல்

2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது. 33 பேர் இறந்தார்கள், சுகாதாரப் பணியாளர்களும் அவர்களில் அடக்கம். டான் டோக் செங் மருத்துவமனை அந்த நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தத் தலைமுறைத் தாதியர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். மாஸ்க் பொருந்துகிறதா என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சோதிப்பதை வெறும் கண்டிப்பு என்று எண்ணாதீர்கள். கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து வேளைகளும் உங்களுக்குத் தெரியும். நோயாளியைத் தொடும் முன், கிருமியற்ற வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். அதிகம் தவறுவது கடைசியில்தான். பம்பைத் தொட்டோம், நோயாளியைத் தொடவில்லையே என்று தோன்றிவிடும்.

அழுத்தப் புண் தொடங்கும்போது தோல் சிவக்கும் என்று படித்திருப்பீர்கள். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் அது தொடக்கம். முதுகடியும் குதிகாலும் எல்லாரும் பார்ப்பவை. உதட்டோரத்தில் குழாய் அழுத்தும் இடம், காதுமடல், தலையின் பின்புறம் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை உடல் வீங்குவதற்கு முன்பே கழற்றிக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். தாலியை மட்டும் பேசாமல் கழற்றாதீர்கள். கழற்ற வேண்டிய மருத்துவக் காரணத்தைக் கணவரிடமோ பிள்ளைகளிடமோ சொல்லி, முடிந்தால் அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும்.

மருத்துவரைக் கூப்பிடும்போது

"அவர் நல்லா இல்லை, வாங்க" என்றால் யாரும் அவசரமாக வரமாட்டார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ஐந்தாம் படுக்கை, நிமோனியா, இரண்டாம் நாள். இரண்டு மணிக்கு மூச்சு 20, இப்போது 30. ஆக்சிஜனை இரண்டு முறை கூட்டிவிட்டேன். சோர்ந்து போகிறார் என்று நினைக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." முந்தைய எண், இப்போதைய எண், செய்தது, நினைப்பது, வேண்டுவது. வரவில்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள். உங்கள் ஷிப்ட் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ சரியில்லை என்று மனம் சொன்னால், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கும் மூத்தவர் உங்களைச் சிறுமைப்படுத்த மாட்டார், வந்து பார்ப்பார்.

குடும்பம்

வருகை நேரத்தில் ஒரே படுக்கைக்கு எட்டுப் பேர் வந்து நிற்பார்கள். கோபப்படாதீர்கள், நம் வழக்கம் அது. ஒருவரைத் தொடர்பாளராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோயின் போக்கைப் பற்றிய செய்தியை மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, அவர் போன பிறகு குடும்பத்துக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். தமிழ் தெரியும் என்பதற்காக முக்கியமான மருத்துவப் பேச்சுக்கு உங்களையே மொழிபெயர்ப்பாளராக்கினால், சுருக்காமல், மென்மையாக்காமல் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். 'இறக்கக்கூடும்' என்பதை 'கொஞ்சம் சீரியஸ்' என்று மாற்றிச் சொன்னால், விடைபெற வந்திருக்க வேண்டிய மகன் ஊரிலேயே இருந்துவிடுவான். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் (தன்னால் சொல்ல முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும் என்று நோயாளி முன்பே சொல்லிவைத்தது) ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று மருத்துவக் குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூளைச்சாவு, உறுப்பு தானம் பற்றிய பேச்சைப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களிடம் விட்டுவிடுங்கள். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே உண்டு என்பது தெரிந்திருந்தால் போதும், நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு வருகை நேரத்தில் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. தங்கும் விடுதியிலிருந்து ஒரு நண்பர் வருவார், அவருக்கும் வேலை இருக்கும். புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ மனைவி கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரிவின் அனுமதியோடு, மருத்துவ சமூகப் பணியாளரின் உதவியோடு காணொளி அழைப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். இங்கே மணி எட்டு என்றால் அங்கே ஐந்தரை. அழைப்பதற்கு முன் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, என்னென்ன குழாய் தெரியும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திரையைத் திருப்புங்கள். காதருகே கைபேசியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஊசிக்குழல்களில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அடுத்தவர் வந்த ஐந்தாவது நிமிடத்தில் நோராட்ரினலின் தீரும்படி விட்டுப் போகாதீர்கள். உடலுக்குள் போனது, வெளியேறியது எல்லாவற்றையும் கூட்டி எழுதுங்கள். செய்யாமல் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். காலையில் குறித்த உங்கள் தாளை எடுத்து, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்தவரிடம் காட்டுங்கள். பிறகு படுக்கையில் இருப்பவரிடம் போய், "அப்பா, நான் கிளம்பறேன். ராத்திரிக்கு இவங்க பார்த்துக்குவாங்க" என்று அவர் காதருகே சொல்லிவிட்டுப் போங்கள்.